‘கிளம்பி வந்துவிடு’ என்று சொல்வதற்கு முன்: புயல் நாட்களும் நம் கல்லூரி, மதரஸா விடுதிகளும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டக் குடும்பங்களின் காலைப்பொழுது ஒரே கேள்வியோடுதான் விடிகிறது. இன்றைக்கு லீவா? ஃபஜ்ரு தொழுதுவிட்டு வரும்போதே கைப்பேசியைத் திறந்து, கலெக்டர் அறிவித்துவிட்டாரா என்று பார்க்கிறோம். சில நாட்களில் அறிவிப்பு முந்தைய இரவே வந்துவிடுகிறது. சில நாட்களில் காலை ஆறரைக்கோ ஏழுக்கோ வருகிறது. அதற்குள் பேராவூரணிப் பக்கத்திலிருந்து தஞ்சாவூர்க் கல்லூரிக்குப் போகும் மாணவி முதல் பஸ்ஸில் பட்டுக்கோட்டையைத் தாண்டியிருப்பார். இன்னும் சில நாட்களில் பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை, கல்லூரிகள் வழக்கம்போல் இயங்கும். பதினெட்டு வயது நிரம்பியவருக்கு வெள்ளம் வழிவிட்டு ஒதுங்கும் போலும்!

விடுமுறை அறிவிப்பையே நாம் எச்சரிக்கை என்று நினைத்துப் பழகிவிட்டோம். விடுமுறை ‘வர வேண்டாம்’ என்று மட்டும்தான் சொல்கிறது. ஏற்கெனவே வந்துவிட்டவர், விடுதியில் இருப்பவர், பாதி வழியில் நிற்பவர் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்வதில்லை. அந்த இடைவெளியில் என்ன நடக்கும் என்பதை, நம் மொழி பேசுகிற, நம்மைப் போலவே நெல் விளைவிக்கிற ஒரு முஸ்லிம் பகுதி 2024 நவம்பரில் கண்டது.

பின்னர் ‘ஃபெஞ்சல்’ என்று பெயர் பெற்ற புயல், அப்போது காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி நகர்ந்துகொண்டிருந்தது. நமது டெல்டாவில் கனமழை பெய்து பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை விடப்பட்டதும் அதே நாட்களில்தான். இலங்கை அம்பாறை மாவட்டத்தின் நிந்தவூரில் மாணவர்கள் தங்கி ஓதும் ஓர் அரபுக் கல்லூரி, மோசமான வானிலை காரணமாக விடுமுறை கொடுத்தது. நவம்பர் 26 அன்று சம்மாந்துறையைச் சேர்ந்த மாணவர்கள் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளிக்குச் செல்லும் சாலை வயல்வெளிக்கு நடுவே போகிறது. அன்று வெள்ளம் அதன் மீது ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கடப்பதற்காக உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறினார்கள். நீர் வண்டியைப் புரட்டிவிட்டது. சிலர் மீட்கப்பட்டார்கள். ஆறு மாணவர்களும் அவர்களோடு சென்ற பெரியவர்கள் இருவரும் உயிரிழந்தார்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக, பெற்றோருக்கு அழகிய பொறுமையைத் தருவானாக.

அந்த மதரஸாவின் பெயரை எழுத நமக்கு மனம் இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. மழை வலுக்கிறது, பிள்ளைகளைப் பெற்றோரிடம் சேர்த்துவிடுவோம் என்று நினைத்தார்கள். தமிழ்நாட்டில் எந்த நாஜிரும், எந்த விடுதிக் காப்பாளரும், எந்தத் தாயும் முதலில் நினைப்பது இதைத்தான். ஆகவே அந்தத் துயரத்தை யாரோ ஒருவரின் அலட்சியம் என்று ஒதுக்கிவிட முடியாது. விடுமுறை என்ற முடிவு நல்ல முடிவுதான். அது வந்த நேரம்தான் பிள்ளைகளைச் சாலையில் நிறுத்தியது. ஒரு நாள் முன்னதாக என்றால் அனுப்புவது பாதுகாப்பு. சாலையில் தண்ணீர் ஏறிய பிறகு என்றால், இருக்கிற இடத்திலேயே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

ஓடும் நீரின் வலிமையைப் பற்றி நம் ஊர்களில் ஓர் அசட்டுத் துணிச்சல் உண்டு. ‘முழங்கால் அளவுதானே’ என்பார்கள். வேகமாக ஓடும் நீர் அரை அடி ஆழம் இருந்தாலே வளர்ந்த மனிதரைத் தடுமாற வைக்கும். ஓர் அடி நீர் சிறிய காரை நகர்த்திவிடும். இரண்டு அடி நீர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துப் போய்விடும். முழங்கால் என்பது ஏறக்குறைய அந்த அளவுதான். வயலும் சாலையும் வாய்க்காலும் ஒரே மட்டமாகத் தெரியும் டெல்டாவில், தார்ச்சாலை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்பதை உள்ளூர்க்காரர்கூடச் சொல்ல முடியாது.

நமது அனுபவத்துக்கு வருவோம். கஜா புயலை நமக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை, பன்னிரண்டரை மணிக்கும் இரண்டரை மணிக்கும் இடையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே அது கரையைக் கடந்தது. மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர், இடையிடையே 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியதாக வானிலைத் துறை அப்போது அறிவித்தது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று தென்னையை நம்பி வாழ்ந்த பகுதி ஒரே இரவில் வெட்டவெளியானது. ஏறத்தாழ ஒரு லட்சம் மின்கம்பங்கள் சாய்ந்தன.

அந்தப் புயலில் எச்சரிக்கை தவறவில்லை என்பதை இன்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். நிவாரணம் பற்றிய கோபம் நியாயமானது, அது வேறு விஷயம். வானிலைத் துறை நாட்கணக்கில் முன்பே சொல்லிக்கொண்டிருந்தது. கரையோரத்திலிருந்து 80,000-க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அப்படியும் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சுவர் இடிந்தும் மரம் விழுந்தும் மின்சாரம் தாக்கியும் இறந்தவர்கள் அவர்களில் பலர். கரையைக் கடந்த பிறகும் கஜா உடனே ஓய்ந்துவிடாமல் தஞ்சை, புதுக்கோட்டை வழியாக உள்ளே சென்றது. ‘புயல் என்றால் கடற்கரைக்காரர்கள் பாடு’ என்று படுத்துத் தூங்கிய உள்நாட்டு ஊர்கள் நள்ளிரவில் விழித்துக்கொண்டன.

இன்னொன்றும் உண்டு. அந்தப் புயல் சென்னைப் பக்கம் கரையேறலாம் என்றுதான் முதலில் கணிக்கப்பட்டது. பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்று மாறியது. ‘வானிலைக்காரர்கள் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள்’ என்று கேலி பேசுவது நம் வழக்கம். புயல் நகரும் பொருள், கணிப்பும் அதோடு நகரத்தான் செய்யும். கரையேறும் இடம் உறுதியானால்தான் முடிவெடுப்போம் என்று காத்திருக்கும் கல்லூரி, சாலையில் மரம் விழும் நேரத்தில்தான் முடிவெடுக்கும்.

வானிலைத் துறையின் புயல் அறிவிப்புகளுக்கு ஒரு படிமுறை இருக்கிறது. பாதிப்புத் தொடங்குவதற்கு 72 மணி நேரம் முன்பு முதல் தகவல், 48 மணி நேரம் முன்பு விழிப்பு அறிவிப்பு, 24 மணி நேரம் முன்பு எச்சரிக்கை, கரையேறுவதற்கு 12 மணி நேரம் முன்பு, கரையேறிய பின் உள்நாட்டில் என்ன நடக்கும் என்ற அறிவிப்பு. கல்லூரிக்கோ மதரஸாவுக்கோ இதைவிட வசதியான கால அட்டவணை கிடைக்காது. 48 மணி நேர அறிவிப்பின்போது அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்று தீர்மானித்துவிடலாம். 24 மணி நேர எச்சரிக்கை வந்த பிறகு விடுதியிலிருந்து யாரையும் பயணம் அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டால், மாவடிப்பள்ளி போன்ற ஒன்றை அல்லாஹ்வின் உதவியால் பெரிதும் தடுக்கலாம். திடீர்க் கனமழைக்கு இவ்வளவு அவகாசம் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் அதற்கும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று முந்தைய நாளே நிற எச்சரிக்கை வந்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஸ்பெயினின் வலென்சியா நகரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்தலுஸ் வரலாற்றைப் படித்தவர்களுக்கு அது ‘பலன்ஸியா’. முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் வளர்ந்த வாய்க்கால் பாசனம் இன்றும் அங்கே தொடர்கிறது. நகருக்குத் தெற்கே ஏரியைச் சுற்றி நெல் வயல்கள். ஒரு வகையில் நம் டெல்டாவின் தூரத்து உறவுக்கார ஊர். 2024 அக்டோபர் 29 அன்று அங்கே வரலாறு காணாத வெள்ளம் வந்தது. வானிலை மையம் காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்தது. மாகாண நிர்வாகம் மக்களின் கைப்பேசிகளுக்கு அவசரச் செய்தி அனுப்பியபோது இரவு எட்டு மணியைத் தாண்டிவிட்டது. பல தெருக்களில் அப்போது கார்கள் மிதந்துகொண்டிருந்தன. 220-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் வலென்சியா பல்கலைக்கழகம் முந்தைய நாள் மாலையே, மறுநாள் வகுப்புகள் இல்லை என்று அறிவித்துவிட்டது. அரசு முடிவெடுக்கட்டும் என்று அது காத்திருக்கவில்லை. மிகைப்படுத்துகிறார்கள் என்ற பேச்சும் எழுந்தது. ஆயிரக்கணக்கான மாணவர்கள் அன்று வீட்டில் இருந்தார்கள்.

அரசின் அறிவிப்பு வருவதற்கு முன், ஒரு நிறுவனம் தன் பொறுப்பில் உள்ளவர்களுக்காகத் தானே முடிவெடுக்கலாம் என்பதுதான் அங்கே நாம் பார்க்க வேண்டியது. நம் சமுதாயத்துக்கு இது கூடுதலாகப் பொருந்தும். கலெக்டரின் அறிவிப்பில் பள்ளிகள், கல்லூரிகள் என்று இருக்கும். ஹிஃப்ழ் மதரஸாவும், பெண்கள் அரபுக் கல்லூரியும், மாலை நேர மக்தபும் அந்த வரியில் வருகின்றனவா என்று நாஜிர்களுக்கே குழப்பம். எட்டு வயதுப் பிள்ளைகள் தங்கி ஓதும் இடங்களுக்கு முடிவெடுக்க வேண்டியவர் கலெக்டர் அலுவலகத்தில் இல்லை, அந்தக் கட்டடத்திலேயே இருக்கிறார்.

மார்க்கம் இதற்கு வழி காட்டியிருக்கிறதா? வழி காட்டியது மட்டுமல்ல, நடைமுறையும் வகுத்திருக்கிறது. குளிரும் காற்றும் மழையும் உள்ள இரவுகளில், அவரவர் தங்கியிருக்கும் இடத்திலேயே தொழுதுகொள்ளுமாறு பாங்கோடு சேர்த்து அறிவிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் முஅத்தினுக்குக் கட்டளையிட்டார்கள். இதை இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள், புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஒரு மழை நாளில், அதுவும் ஜும்ஆ நாளில், தொழுகைக்கு வருமாறு அழைக்கும் வாசகத்துக்குப் பதிலாக வீடுகளில் தொழும்படி அறிவிக்கச் சொன்னார்கள். மக்கள் வியப்போடு பார்த்தபோது, தம்மைவிடச் சிறந்தவரான நபி (ஸல்) அவர்களே இப்படிச் செய்ததாகவும், சேற்றிலும் வழுக்கலிலும் மக்களை நடக்க வைக்கத் தமக்கு விருப்பமில்லை என்றும் விளக்கினார்கள்.

நாம் இந்த ஹதீஸை ஜமாஅத் தொழுகைக்கான சலுகை என்ற பாடத்தில் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். அது சலுகைதான், கனமழை ஜமாஅத்துக்கு வராமலிருக்கத் தகுந்த காரணம் என்பதை ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளும் ஏற்கின்றன. ஆனால் ஓர் அவசர அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதும் அதற்குள் இருக்கிறது. முடிவெடுப்பவர் யார் என்பது தெரிகிறது. அறிவிப்பவர் யார் என்பதும் தெரிகிறது. மக்கள் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன் செய்தி போய்ச் சேருகிறது, ஏனென்றால் அவர்கள் கிளம்புவதே பாங்கைக் கேட்டுத்தான். அதில் உள்ள கட்டளையும் ஒன்றே ஒன்று, எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே இருங்கள். ‘மாணவர்கள் எச்சரிக்கையுடன் இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று நம் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் வரும் சுற்றறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எச்சரிக்கையுடன் இருந்து என்ன செய்ய வேண்டும்?

மேகமும் காற்றும் கண்டால் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடும் என்றும், நிலைகொள்ளாமல் வெளியே போவதும் உள்ளே வருவதுமாக இருப்பார்கள் என்றும் ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். மேகத்தைப் பார்த்து இது நமக்கு மழை தரப்போகிறது என்று மகிழ்ந்த ஆத் கூட்டத்தாரை அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். தவக்குல் மிகுந்த அந்தத் திருமுகத்திலேயே கவலை தெரிந்தது என்றால், ‘அல்லாஹ் பார்த்துக்கொள்வான்’ என்று சொல்லி விடுதியில் ஒரு டார்ச் விளக்குகூட வாங்கி வைக்காத நம்மைப் பற்றி என்ன சொல்வது?

நடைமுறைக்கு வந்தால், பெரிய செலவு எதுவும் இல்லை. முதல் வேலை, ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒருவரைப் பொறுப்பாக்குவது. முதல்வர் ஊரில் இல்லை, முதவல்லி ஃபோன் எடுக்கவில்லை, கமிட்டி கூடவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லாமல், இன்னார் சொன்னால் வகுப்பு நிற்கும், இன்னார் இல்லையென்றால் அடுத்து இன்னார் என்று அக்டோபருக்கு முன்பே எழுதி ஒட்டிவிட வேண்டும். அவர் காலையும் மாலையும் வானிலைத் துறையின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும். தமிழக அரசின் ‘டிஎன்-அலர்ட்’ செயலியும், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ செயலியும் இலவசம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில அறை எண் 1070. 2023 அக்டோபர் 20 அன்று தமிழகமெங்கும் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் அலறியது பலருக்கு நினைவிருக்கும். ஹேக் செய்துவிட்டார்கள் என்று பயந்து சிலர் ஃபோனையே அணைத்தார்கள். அது இத்தகைய நாளுக்கான ஒத்திகை. அந்த ஒலி பிடிக்காமல் அமைப்புகளில் போய் அவசர எச்சரிக்கையை நிறுத்தி வைத்தவர்கள் இன்றே திரும்ப இயக்கிவிடுங்கள்.

ஆனால் கைப்பேசியை மட்டும் நம்பக் கூடாது. கஜாவுக்குப் பிறகு கோபுரங்கள் செயலிழந்து, மின்சாரமும் இல்லாமல், பல ஊர்கள் நாட்கணக்கில் ஊமையாகிக் கிடந்தன. ஷார்ஜாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த தந்தையருக்கு அந்த மௌனம் புயலைவிடக் கொடுமையாக இருந்தது. அந்த நேரத்தில் வேலை செய்யக்கூடிய கருவி ஒன்று நம் எல்லா ஊர்களிலும் இருக்கிறது, பள்ளிவாசலின் ஒலிபெருக்கி. அதற்கு ஒரு பேட்டரியும் இன்வெர்ட்டரும் இருந்தால் போதும். எந்தப் பள்ளிவாசலில் இன்வெர்ட்டர் இருக்கிறது, அதன் பேட்டரி கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று ஜமாஅத் நிர்வாகிகள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அறிவிப்பு முஸ்லிம் தெருக்களுக்கு மட்டும் உரியதல்ல, கேட்கும் தூரத்தில் உள்ள அனைவருக்கும்தான்.

பிள்ளைகளை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தால் வைத்துக்கொள்ளத் தகுந்த கட்டடம் வேண்டும். தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கூடத்தில் புயல் இரவைக் கழிக்க முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் கருகிய பிறகுதான் கூரைகளைப் பற்றி நாடே பேசியது. காற்றுக்கும் அப்படி ஒரு நாள் தேவையில்லை. கான்கிரீட் தளம் போட்ட கட்டடம் எது, அதில் எத்தனை பேர் படுக்கலாம், மேல்தளத்துக்குப் படிக்கட்டு பூட்டியிருக்கிறதா, மூன்று நாள் குடிநீரும் அரிசியும் இருக்கிறதா, யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு வலிப்பு, மருந்து யாரிடம் இருக்கிறது என்பதையெல்லாம் ஓர் உஸ்தாது ஒரு மாலைப் பொழுதில் எழுதிவிடலாம். பெற்றோரின் எண்கள் காகிதத்தில் இருக்கட்டும். அணைந்த ஃபோனுக்குள் இருக்கும் எண்ணால் யாருக்கும் பயனில்லை.

பெண்பிள்ளைகள் விஷயத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். புயல் என்றதும் தாய்மார்கள் மகளுக்கு ஃபோன் செய்து ‘கிளம்பி வந்துவிடு’ என்கிறார்கள். அதன் பின்னால் மழை பற்றிய பயம் மட்டும் இல்லை. மஹ்ரம் இல்லாமல் இரவில் வெளியிடத்தில் தங்குவது பற்றிய தயக்கமும், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற எண்ணமும் இருக்கிறது. தயக்கம் புரிகிறது. ஆனால் அந்த ஃபோனுக்குப் பிறகு அந்தப் பெண், பஸ் நின்றுபோன ஏதோ ஒரு நிறுத்தத்தில், இருட்டில், தெரியாத ஒருவரின் வண்டியை எதிர்பார்த்து நிற்க நேர்கிறது. உயிரையும் மானத்தையும் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களில் அடங்கும். பேராசிரியைகளும் தோழியரும் உடனிருக்கும் உறுதியான கட்டடத்தில் நிர்ப்பந்தத்தின் காரணமாக ஓரிரவு தங்குவது, அந்தச் சாலையைவிட இரண்டையும் நன்றாகக் காக்கும். ஆலிம்கள் இதை ஜும்ஆ மேடையில் வெளிப்படையாகச் சொன்னால் பல குடும்பங்களுக்கு மனச்சுமை குறையும். கல்லூரிகளும் தம் பங்குக்கு, பெண்கள் தங்கும் அறை எது, பொறுப்பாளர் யார் என்பதைப் பெற்றோருக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் அந்தத் தாய் ‘கிளம்பி வா’ என்று சொல்லியிருக்க மாட்டார்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவுகளைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. பழைய புயலின் படம், வேறு நாட்டு வெள்ளத்தின் காணொளி, ‘அணை உடைந்துவிட்டது’ என்ற அலறல். கேட்டதையெல்லாம் பரப்புவது பொய்க்குச் சமம் என்ற நபிமொழியை எல்லோரும் அறிவோம், மழைக்காலத்தில் மட்டும் மறந்துவிடுகிறோம்.

மழையே இல்லாத நாளிலும் டெல்டாவில் வெள்ளம் வரும் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். மழை கர்நாடகத்தில் பெய்யும், இங்கே வெயில் அடிக்கும், மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடும். 2018 ஆகஸ்டில் அப்படி வந்த நீரில்தான் திருச்சியின் பழைய கொள்ளிடம் பாலம் இடிந்தது, முக்கொம்பு மேலணையின் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அந்த நாட்களில் வகுப்பை விட்டுவிட்டு ஆற்றில் குளிக்கப் போகும் இளைஞர்களுக்கு வானம் எந்த எச்சரிக்கையும் தராது. கோடை இடிமழையில் கல்லூரி மைதானத்தில் ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கும் இதேதான். இடி கேட்டால் மரத்தடியை விட்டுக் கட்டடத்துக்குள் போக வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது.

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் இலங்கையில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. எச்சரிக்கைகள் உரிய நேரத்தில் தமிழில் கிடைக்கவில்லை என்ற குற்றச்சாட்டு அங்கே எழுந்தது. நமக்கு அந்தக் குறை இல்லை. எச்சரிக்கை தமிழில் வருகிறது, நேரத்தோடும் வருகிறது. கல்லூரி வாசலுக்கும் மதரஸா வாசலுக்கும் வந்த பிறகு அதை எடுத்து முடிவாக மாற்றும் ஆள்தான் பல இடங்களில் இல்லை. உங்கள் மகன் ஓதும் மதரஸாவிலும், மகள் படிக்கும் கல்லூரியிலும் அந்த ஆள் யார் என்று இந்த வாரமே கேளுங்கள். பதிலாக ஒரு பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் கிடைக்க வேண்டும். ‘பார்த்துக்கொள்வோம்’ என்று பதில் வந்தால், மறுபடியும் கேளுங்கள்.